கம்ப்யூட்டர் கணக்கும் கான்கிரீட் விரிசலும்

ஒரு கான்கிரீட் உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிய ஒரு காலத்தில் பாரத்தை ஏற்றி உடைத்தே பார்த்தார்கள். அந்தச் சோதனை இன்றும் உண்டு. ஆனால் பெரும்பாலான உத்தரங்கள் இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே உடைகின்றன. உத்தரத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பாவித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு இழுப்பு என்று யந்திரம் கணக்கிட்டுவிடுகிறது. செலவு குறைவு, நேரமும் மிச்சம். ஆனால் எத்தனை துண்டு, எந்த வடிவத்தில் துண்டு என்று தீர்மானிப்பவர் மனிதர் அல்லவா?

கான்கிரீட்டுக்கும் களைப்பு உண்டு. ஒரே தடவையில் 100 டன் பாரத்தில் நொறுங்கும் கான்கிரீட், ஒரு கோடி தடவை ஏற்றி இறக்கினால் ஏறக்குறைய 55 டன்னிலேயே நொறுங்கிவிடலாம். பாலத்தின்மேல் எத்தனை லாரிகள் போகும் என்று யந்திரத்துக்கு யார் சொல்வது? அதுவும் மனிதர்தாம்.

யந்திரத்தை நம்பி ஏமாந்த கதைகளில் பெரியது நார்வேயில் நடந்தது. கடலடி எரிவாயு எடுக்கும் மேடை ஒன்றைத் தாங்குவதற்காகக் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் அது. பெயர் ஸ்லைப்னர் ஏ. 1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே கடற்கழியில் அதைச் சோதனைக்காக மெல்ல மெல்ல அமிழ்த்தினார்கள். சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் பிளந்தது. தண்ணீர் புகுந்தது. அரை மணிக்குள் அத்தனையும் மூழ்கி, கடலடியில் மோதிச் சுக்குநூறாயிற்று. மோதிய வேகத்தில் நில அதிர்ச்சிக் கருவிகளில் 3 என்று பதிவாயிற்று! நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை.

காரணம் என்ன? சுவர்கள் கூடும் மூலைகளில் துண்டுகளைப் பெரிதாகவும் கோணலாகவும் பிரித்திருந்தார்கள். சுவரை வெட்டும் விசையை யந்திரம் 47 சதவீதம் குறைத்துச் சொல்லிவிட்டது. அதை நம்பிச் சுவரின் கனத்தைக் குறைத்தார்கள். உள்ளே வைத்த கம்பிகளும் நீளம் போதவில்லை. விபத்துக்குப் பிறகு துண்டுகளை நுட்பமாகப் பிரித்துக் கேட்டபோது, அதே முறைக் கணக்கு 62 மீட்டரில் உடையும் என்று சொல்லிற்று. ஆக, குற்றம் யந்திரத்தினுடையதல்ல. வந்த விடையை இன்னொருவர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டால் என்ன? அந்தச் சம்பளம் 70 கோடி டாலர் ஆகாது.

இன்னொன்று, விரிசல். அமெரிக்காவில் மியாமி நகரில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலத்தில் விரிசல்கள் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தன. 2018 மார்ச் 15-ஆம் தேதி காலையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கணக்குப்படி ஆபத்தில்லை என்று முடிவாயிற்று. சாலையை மூடவில்லை. அன்று பிற்பகலே பாலம் இடிந்து, கீழே நின்ற கார்கள்மேல் விழுந்தது. ஆறு பேர் மாண்டார்கள். பாரத்தைக் குறைத்தும் பலத்தைக் கூட்டியும் கணக்கிட்டிருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆனால் விரிசல்கள் அதை முன்பே காட்டிக்கொண்டுதான் இருந்தன.