'மட்டுமே' என்னும் ஒரு சொல்

மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தபோது, ரோமர் 3:28இல் 'மட்டுமே' என்று பொருள்படும் சொல்லொன்றைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. ஜெர்மானிய வழக்கு அதனை வேண்டுகிறது என்று 1530இல் வாதிட்டார். மொழியாசிரியனாகிய எனக்கு அவ்வாதம் முழுநிறைவு தரவில்லை. யாக்கோபு 2:24 நேர் எதிராக அல்லவா பேசுகிறது!

ஆயினும் பவுலின் கருத்தை லூத்தர் சிதைக்கவில்லை என்றே எண்ணுகிறேன். விசுவாசத்தினால் பெறும் கிருபை கொடை. நற்செயல்கள் அதன் விலையாகா, விளைவாகவே தொடரும். எபேசியர் 2ஆம் அதிகாரம் வைக்கும் வரிசையும் இதுவே.

ஞாயிறு வகுப்பில் இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். திங்களன்று, புள்ளிகள் குறைந்த மாணவி ஒருத்தி, "அம்மா இனி என்னோடு பேசமாட்டார், ஐயா," என்று விசும்பியபோது எனக்கு நா எழவில்லை. அந்தத் தாய் ஆலயத்தில் என்னருகே மண்டியிடுபவர். விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டவன் நான்.