நரம்பணு என்றால் நாக்கூசுமா?

சுவீடன் நாட்டு இலிங்கோப்பிங் பல்கலைக்கழக அறிவியலார், மின்கடத்தும் நெகிழியால் அச்சிட்டுச் செய்த செயற்கை நரம்பணுவை 2022-இல் பூச்சியுண்ணும் செடியொன்றோடு இணைத்தனர். அது விடுத்த மின்துடிப்பால் செடியின் இலைப்பொறி மூடிக்கொண்டது. தொல்காப்பியர் ஓரறிவுயிரென வகுத்த நிலைத்திணை, உயிரற்ற பொருளின் ஏவலுக்கு இணங்கிவிட்டது!

இவ்வரிய செய்தியை மாணவர்க்குக் கூறுங்கால் 'நியூரான்' என்பதேன்? அச்சொல் தமிழ்ப்பிள்ளைக்கு ஒன்றையும் உணர்த்தாது, உருப்போடவே உதவும். நரம்பணு எனின், யாழ்நரம்பும் உடன் நினைவில் எழும். ஓரிடந் தீண்ட முழுதும் அதிர்வதன்றோ அது! செருமானிய அறிஞர் வால்டேயர் 1891-இல் தேர்ந்த 'நியூரான்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் நாண் என்பதே பழம்பொருள். அவர்க்கு நாண் பொருந்திற்றாம். நமக்கு நரம்பு பொருந்தாதாம்! துடிப்பு, தூண்டல், உணரி என்பனவும் அணியமாயிருக்கப் பாடநூலார் கடன்கொள்வானேன்?