மனத்துக்கும் வைத்தியம் உண்டு

"அது தஞ்சோங் ரம்புத்தான் கேசு, கிட்டே போகாதே!" தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் உண்டா? 1911-இல் தொடங்கிய அந்த மனநோய் மருத்துவமனைக்கு 1971-இல் 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறியது, நம் ஏச்சு மட்டும் மாறவில்லை.

காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். ஆனால் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பெற்ற பிள்ளையிடம்கூட முகங்கொடுக்காமல் ஒருவர் சுருண்டு கிடந்தால், "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்கிறோம். இல்லையேல் "சோம்பேறி" என்று திட்டுகிறோம். மனச்சோர்வு ஒரு நோய். சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வுப்படி, நாட்டில் சுமார் 10 லட்சம் பேருக்கு அது உண்டு.

இதற்குப் பேச்சே ஒரு வைத்தியம் என்பது கோவாவில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அங்கே 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுற்ற ஏறக்குறைய 500 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். டாக்டர் பட்டம் பெறாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி தந்து, பாதிப் பேரிடம் ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். விட்டுப்போன வேலையை மெல்லத் தொடங்கு, அறுந்துபோன உறவை ஒட்டு, சிக்கலை ஒவ்வொன்றாக அவிழ் என்பதே பேச்சின் சாரம். மூன்று மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர் 39 பேரே. 'லான்செட்' மருத்துவ ஏடு 2017-இல் இதை வெளியிட்டது.

லயத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். தோட்டம் துண்டாடப்பட்டு, செலாயாங் அடுக்குமாடிகளுக்குக் குடிவந்த நம்மவர் பலரின் கதவு இன்று சாத்தியே கிடக்கிறது. செலாயாங் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஆனால், மலாயில் மருந்து கேட்கத் தெரிந்த பாட்டிக்கு, மனத்தைத் திறந்து கொட்டத் தமிழல்லவா வேண்டும்? கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஆலோசகர்களை நியமிக்க வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். தொழிற்சங்கமும் கோயில் கமிட்டிகளும் ஆளுக்கு நாலு பேரையாவது பயிற்சிக்கு அனுப்பட்டும். கோவாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து இனி யாரும் மறைக்க வேண்டாம். 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு 24 மணி நேரமும் காது கொடுக்கிறது: 03-7627 2929.

பக்கத்து வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாரா? "என்னண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று போய் உட்காருங்கள். புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள், முதலில் கேளுங்கள். பிறகு கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.