கேட்பது தருமமன்று, நட்டஈடு

பஸ் வண்டி ஒன்று கவிழ்கிறது. பத்திரிகைகள் மாண்டோர் தொகையைக் கொட்டை எழுத்துக்களில் வெளியிடுகின்றன. மந்திரிமார் அனுதாபம் தெரிவிக்கின்றனர். விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்படுகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, காயப்பட்டவருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருமமாக அறிவிக்கப்படுகிறது. பெறுபவர் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார். அத்துடன் எல்லாம் அடங்கிவிடுகிறது, அடுத்த வண்டி கவிழும்வரை.

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை வண்டி கொத்மலைப் பகுதியிலுள்ள கெரண்டியெல்லவில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. கொள்ளக்கூடிய தொகைக்கு மேலாக ஆட்கள் ஏற்றப்பட்டிருந்த அவ்வண்டியில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாரதியும் அவர்களுள் ஒருவர். நான்கு மாதங்கள் நிறையுமுன்னர், செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, உல்லாசப் பயணம் சென்று திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களை ஏற்றிவந்த தனியார் பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் மலைச்சரிவில் உருண்டது. 15 பேர் மாண்டனர். எங்கோ மலைப்பக்கத்தில் நடந்தவைதானே என்று வடக்கிலும் கிழக்கிலும் இருப்போர் ஆறுதல் கொள்ள இடமில்லை. இரவு பத்து மணிக்குக் கொழும்பில் ஏறி விடியுமுன் யாழ்ப்பாணத்தில் இறங்கும் எழுதுவினைஞரும் ஆசிரியரும், மிளகாய்ச் சாக்குடன் சந்தைக்குப் புறப்படும் கமக்காரரும் தம் உயிரை இதே ஏற்பாட்டிடமே ஒப்படைக்கின்றனர். ஆண்டுதோறும் இந்நாட்டு வீதிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். யுத்தமில்லாத நாட்டில் இது எத்தகைய கணக்கு!

இத்தனைக்கும் நம்மவர் சொல்லும் சமாதானம் யாது? "அவனுக்கு இந்த வருஷம் ஒரு கண்டம் இருந்தது." "அட்டமத்துச் சனி, யாரை நோவது?" நாம் சோதிடத்துடன் வழக்காட வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கட்டாக்காலி மாடொன்று வேலியை முறித்துக்கொண்டு தோட்டத்துள் புகுந்து வெங்காயப் பயிரை மிதித்துத் துவைத்துவிட்டால் அதைச் சனிபகவானின் செயல் என்று எந்தக் கமக்காரர் விட்டுவிடுகிறார்? மாட்டைப் பிடித்துக் கட்டி, உடையவனை அழைப்பித்து, நட்டத்தைக் கணக்குப் பார்த்து வாங்கிய பின்னரே கயிற்றை அவிழ்க்கிறார். பாத்தியிலுள்ள வெங்காயத்துக்கு உள்ள மதிப்புத் தம் காலுக்கும் கைக்கும் இல்லை என்று அவர் கருதுகிறாரா? மாட்டுக்காரன் கட்டவேண்டும், பஸ்காரன் கட்டவேண்டியதில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

விபத்துகள் வானத்திலிருந்து விழுவதில்லை. அவை உற்பத்தியாகும் இடம் எது என்பது பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்றவருக்குத் தெரியும். தனியார் பஸ் சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் நிலையான மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலில் முதலாளிக்கு உரியது போக, எரிபொருட் செலவு போக, எஞ்சுவதில் ஒரு பங்கே அவர்களது கூலி. ஆகவே வீதியோரம் நிற்கும் ஒவ்வொரு பிரயாணியும் அவர்களுக்கு அன்றைய அரிசி. முன்னே போகும் பஸ் அந்த அரிசியை அள்ளிச் செல்கிறது. முந்தாதே என்று சட்டம் சொல்கிறது. முந்து என்று வயிறு சொல்கிறது. எது வெல்லும்? 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 27ஆந் திகதி பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரையில், வேறொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு ஓடிய வண்டி, ரயில் வருவதையும் பொருட்படுத்தாது கடவைக்குள் நுழைந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் அந்த ஓட்டப்பந்தயத்துக்குப் பலியாயின.

இந்தப் போட்டியை ஒழிப்பதற்கென்றே ஒருகாலத்தில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் கம்பெனிகளின் வண்டிகள் அனைத்தும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தன. சபையில் குறைகள் மலிந்திருந்தன. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சாரதிக்குச் சம்பளம் இருந்தது, ஓடுவதற்கு ஒரு நேரசூசி இருந்தது. 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தபோது, வண்டிகளுடன் பழைய போட்டியும் உள்ளே நுழைந்தது. இன்று ஒரே வீதியில் சபை வண்டியும் தனியார் வண்டியும் ஒன்றையொன்று துரத்துகின்றன. இணைந்த நேரசூசி என்ற பேச்சு அரசாங்கம் மாறும்போதெல்லாம் எழுகிறது; நிலையத்தின் வாயிலைத் தாண்டியதும் அது காற்றில் போய்விடுகிறது.

வண்டியின் இலட்சணமோ கேட்கவே வேண்டாம். சரக்கு ஏற்றுவதற்கென அமைந்த லொறியின் அடிச்சட்டத்தின்மேல் பெட்டியைக் கட்டி, ஆசனம் போட்டு, வெளிப்புறத்தில் தெய்வப் படங்களையும் மின்விளக்குகளையும் பூட்டி அதைப் பஸ் என்று அழைக்கிறோம். உயரமாக நிற்கும் அவ்வண்டி வளைவில் சாய்வதற்கு அதிகம் வேண்டியதில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துவர வேண்டும். அவ்வாறன்றி எரிபொருளை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் உருளவிட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதன்பின்னர் சாரதி எவ்வளவு மிதித்தும் பயனில்லை. மறுநாள் "பிரேக் வேலை செய்யவில்லை" என்று செய்தி வரும். பிரேக் தானாக வேலைநிறுத்தம் செய்வதில்லை. அதைப் பராமரியாதவர் ஒருவர் இருக்கிறார், பிழையாகப் பாவித்தவர் ஒருவர் இருக்கிறார், பார்க்காமலே ஓடத் தகுதியென்று பத்திரம் கொடுத்தவரும் இருக்கக்கூடும். நெடுந்தூர இரவு வண்டியில் உறங்காத கண்களுடன் மறுபயணத்துக்கும் ஏறும் சாரதியை அனுப்பிவைப்பவரும் ஒருவரே. 2025 யூலை மாதம் முதலாந் திகதி தொடக்கம் பஸ் சாரதிகள் ஆசனப்பட்டி அணியவேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்லது. சாரதியை ஆசனத்தில் கட்டிவைத்தாயிற்று. அவரை விரட்டுகின்ற முதலாளியைக் கட்டுவது எப்போது?

இங்கேதான் சட்டம் வருகிறது. சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பிறருடைய கவனயீனத்தால் உடலில் ஊனமடைந்தவர் நட்டஈடு கோரலாம் என்பது இந்நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. வேலைக்காரன் வேலையின்போது செய்த தவறுக்கு எசமான் பொறுப்பாளி என்பதும் அவ்வாறே. ஆகவே வழக்கு ஏழைச் சாரதிமீது மட்டுமன்று, பஸ் உரிமையாளர்மீதும், சபை வண்டியாயின் சபைமீதும் செல்லும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் தனியார் வண்டி அவர்களுக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பைக் காப்புறுதி செய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நீதிமன்றம் தீர்த்த தொகையைக் காப்புறுதிக் கம்பெனி செலுத்தியாக வேண்டும். ஆனால் வழக்குத் தொடங்குமுன்னரோ தொடங்கிய சில நாட்களுக்குள்ளோ கம்பெனிக்கு அறிவித்தல் கொடுத்திருத்தல் அவசியம். இந்தச் சிறிய கடிதத்தை மறந்தால், தீர்ப்பை வென்றும் பணத்தை இழக்க நேரிடலாம்.

இரண்டு வண்டிகள் மோதினால் பிழை எவருடையது என்று பிரயாணி தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருவர்மீதும் சேர்த்தே வழக்கிடலாம்; பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. 2021 மார்ச்சில் பசறையில் பத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பஸ் விபத்து நேர்ந்த இடத்தில், சரிந்து கிடந்த பாறை வீதியை ஒடுக்கியிருந்தது. அத்தகைய சந்தர்ப்பங்களில் சாரதியுடன் வீதியைப் பராமரிப்போரையும் ஏன் கூண்டில் நிறுத்தக்கூடாது? மிதிபலகையில் தொங்கியவருக்கு ஒன்றும் கிடையாது என்று மிரட்டுவோர் அதே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசிக்கவேண்டும். பிரயாணியின் பங்குப் பிழைக்கு ஏற்ப நட்டஈடு குறையும், அடியோடு அற்றுப்போகாது. இறந்த பிள்ளைக்குச் சம்பாத்தியம் இல்லை, ஆகவே பெற்றோருக்கு இழப்பில்லை என்ற கொடிய வாதமும் முன்னர் இருந்தது. மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பிள்ளையின் துணையை இழந்ததற்கு நட்டஈடு கோரமுடியாது என்றே கூறிற்று. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நம் கிராமங்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

சட்டம் புத்தகத்தில் இருக்க, நடப்பது வேறொன்று. காயப்பட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே முதலாளியின் ஆள் ஒருவர் தோடம்பழப் பையுடன் வந்து சேர்கிறார். "வழக்கு என்று போனால் பத்து வருஷம் அலையவேண்டும், இதை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணை" என்று ஒரு தொகையை நீட்டுகிறார். கூடவே, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்ற கடிதம். பொலிஸ் நிலையத்தில் சமரசம் முடிகிறது. கால் எலும்பு பொருந்தவில்லை, இனி மண்வெட்டி பிடிக்க முடியாது என்று வைத்தியர் சொல்வதோ ஆறு மாதத்தின் பின். அதற்குள் கையொப்பம் போய்விட்டது. உண்மை முழுவதும் தெரியுமுன்னர் எந்தக் கடிதத்திலும் ஒப்பமிடாதீர்கள் என்று நாம் வற்புறுத்திச் சொல்கிறோம்.

ஒப்பமிடாதவரும் வேறொரு குழியில் விழுகிறார். சாரதிமீது பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்துவிட்டனர், அதில் தமக்கும் நியாயம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார். கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்து வருடம்வரை சிறை விதிக்கிறது. குற்றம் நிரூபணமானால் நீதவான் நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிடவுங்கூடும். ஆனால் இழந்த காலுக்கும் இழந்த வருமானத்துக்கும் முழு ஈடு வேண்டுமாயின் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்தல் வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் அதற்குத் தரும் தவணை இரண்டே ஆண்டுகள். குற்றவழக்கோ தவணைமேல் தவணை போகிறது. அது முடிந்து மனிதர் சட்டத்தரணியின் வாசலை மிதிக்கும்போது இரண்டு ஆண்டுகளும் போயிருக்கும். முதலாளிமாருக்கு இதைவிட வாய்ப்பான நண்பன் இல்லை.

மொழியின் கொடுமை வேறு. தென்னிலங்கை வீதியில் காயமுற்ற தமிழ்ப் பிரயாணியின் வாக்குமூலம் பல இடங்களில் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. அவர் சொன்னது ஒன்று, எழுதப்பட்டது இன்னொன்று. கையொப்பம் மட்டும் அவருடையது. பின்னர் குறுக்குவிசாரணையில் அதே தாள் அவருக்கு எதிராக நீட்டப்படுகிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் சொல்லியிருக்க, அறியாத மொழித் தாளில் அடிபட்டவரின் ஒப்பத்தை வாங்குவது எந்தச் சட்டம்? தமிழில் எழுதும்வரை ஒப்பமிட மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

கமக்காரரின் நிலை இன்னுங் கடினம். உத்தியோகத்தருக்குச் சம்பளத் துண்டு இருக்கிறது; இழந்த வருமானத்தை ஒரு தாளில் நிரூபித்துவிடுவார். இரண்டு பரப்பு மிளகாய்த் தோட்டமும் பத்துப் பரப்பு வயலும் செய்பவர் எதைக் காட்டுவார்? இங்கே நம் சட்டத்தரணிகளின் அசட்டை பெரிது. கமநல சேவை நிலையத்தின் பதிவு, கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுச்சீட்டு, சந்தைத் தரகரின் கொப்பி, வங்கிக் கடன் புத்தகம் ஆகிய அனைத்தும் சாட்சியமாகக் கூடியவை. தேடி எடுக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. வைத்தியர்களிடமும் நமக்கு ஒரு முறைப்பாடு உண்டு. "முறிவு, சிகிச்சையளிக்கப்பட்டது" என்று இரண்டு சொல்லில் எழுதப்படும் சட்ட வைத்திய அறிக்கை, அந்த மனிதர் இனி ஏணியில் ஏறமாட்டார் என்பதைச் சொல்வதில்லை. பிரயாணிகளும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதில்லை. தனியார் பஸ்களில் அதைத் தருவோர் குறைவு. கேட்பவரை ஏதோ கடன்காரனைப் போலப் பார்க்கின்றனர். ஆயினும் அந்தத் துண்டுக் கடதாசிதான் அவர் அவ்வண்டியில் இருந்தார் என்பதற்குக் கண்கண்ட சாட்சி. வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதன் கதவைத் தட்டுவதில் வெட்கம் எதற்கு?

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை அதிகமல்ல. வசூற் பங்கை ஒழித்து, சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் கொடுப்பவருக்கு மட்டுமே வீதி அனுமதிப் பத்திரம் வழங்குக. பிழை எவருடையது என்ற வழக்கு முடியுமட்டும் காத்திராமல், ஆஸ்பத்திரிச் செலவையும் முதற் சில மாதச் சீவியத்தையும் காப்புறுதிக் கம்பெனி உடனே கொடுக்கும்படி சட்டஞ் செய்க. இரண்டாண்டுத் தவணையை, குற்றவழக்கு நடக்குங் காலத்தில் ஓடாது நிறுத்திவைக்க. இவற்றுக்குப் புதிய கமிஷன் எதுவும் வேண்டியதில்லை. விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளை அடுக்கினால் ஒரு பஸ் வண்டி நிறையும்.

சட்டம் திருந்தும்வரை பழைய தவணைதான் தவணை. கெரண்டியெல்லவில் காயமடைந்தோருக்கு அது 2027 மே மாதம் 11ஆந் திகதியை ஒட்டி முடிகிறது; எல்ல வீதியில் காயமடைந்தோருக்குச் செப்டெம்பர் 4ஆந் திகதியை ஒட்டி. உதவித்தொகை வாங்கியவர்களுள் வழக்கும் தொடுத்தவர் எத்தனை பேர் என்று கேட்கிறோம்.