கோடி என்றால் போதுமா?

காக்களூர்த் தொழிற்பேட்டையில் வியர்வை சிந்தி ஈட்டிய கூலி, மருந்துக் கடைக்குப் போகிறது. "கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள்!" என்று டப்பா கூவுகிறது. எந்த நுண்ணுயிர்? எந்த நோய்க்கு? எத்தனை நாளைக்கு? கேள், தோழா!

ஒடிசாவிலே கேட்டார்கள், விடை கண்டார்கள். நலமாகப் பிறந்த 4,556 சிசுக்களில் ஒரு பாதிக்கு, நாளொன்றுக்கு நூறு கோடி வீதம் ஏழு நாள், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்னும் நுண்ணுயிரையும் அதற்கு உணவாகும் சர்க்கரைப் பொருளையும் தந்தார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. இரத்தத்தில் நச்சுத் தொற்றோ சாவோ நேர்ந்தது, பெறாதவரில் 9 விழுக்காடு, பெற்றவரில் 5.4!

நெதர்லாந்திலோ வேறொரு கலவை, வேறொரு நோய். கணையம் கடுமையாக அழன்றவர்களுக்குத் தந்தார்கள். 2008-இல் வந்த கணக்கு: பெற்ற 152 பேரில் 24 சாவு, பெறாத 144 பேரில் 9!

ஒன்று காத்தது, ஒன்று கைவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விளம்பரமா?

நுண்ணுயிரின் வகையையும், காலாவதி நாளில் உயிரோடிருக்கும் எண்ணிக்கையையும் டப்பாவில் அச்சிடுக என 2011-இலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நெறி வகுத்தது. அச்சிடாத டப்பாவைத் தொடாதே! வயிற்றுப்போக்கா? முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல். குறைமாதக் குழந்தையா, எதிர்ப்பாற்றல் குன்றியவரா? மருத்துவர் சொல்லாமல் கொடாதே!

கூலி உன்னுடையது, குழந்தையும் உன்னுடையது. கேள்வியும் உன்னுடையதாகட்டும்!