கிரீன் கார்டு பட்டியலில் ‘2013’: அந்தத் தேதி உங்களுக்குச் சொல்லாத கணக்கு

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. “ஆன்சைட் போயிட்டா போதும், பத்துப் பன்னிரண்டு வருஷத்துல கிரீன் கார்டு வந்துரும்ல?” உடனே ஒருவர் போனில் அமெரிக்காவின் விசா புல்லட்டினைத் திறப்பார். 2025 அக்டோபர் பட்டியலில், இபி-2 பிரிவில் இந்தியாவுக்கு நேராக இருக்கும் தேதி 2013 ஏப்ரல் 1. “பாரு, பன்னிரண்டரை வருஷம்தான்” என்பார்.

இந்தக் கணக்கு தப்பு. வரிசையின் முன்னால் நிற்பவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது. இன்று வால்பக்கம் போய் நிற்கும் நீங்கள் எத்தனை வருஷம் நிற்க வேண்டும் என்பது வேறு கணக்கு.

இபி-1, இபி-2, இபி-3: யார் எங்கே?

வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஐந்து பிரிவுகள் உண்டு. நமக்கு முக்கியமானவை முதல் மூன்று. அசாதாரணத் திறமை கொண்டவர்கள், சிறந்த ஆராய்ச்சியாளர்கள், பன்னாட்டு நிறுவனங்களின் மேலாளர்கள் ஆகியோருக்கு இபி-1. முதுகலைப் பட்டமோ, இளங்கலையுடன் ஐந்து வருட அனுபவமோ தேவைப்படும் வேலைகளுக்கு இபி-2. இளங்கலைப் பட்டம் அல்லது குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி கேட்கும் வேலைகளுக்கு இபி-3.

இபி-2, இபி-3 பிரிவுகளில் பொதுவாக மூன்று படிகள். முதலில், ‘இந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை’ என்று நிறுவனம் தொழிலாளர் துறையிடம் காட்ட வேண்டும். இதற்குப் பெயர் பெர்ம். அந்த விண்ணப்பம் போன நாள்தான் வரிசையில் உங்கள் இடம். அதாவது உங்கள் பிரயாரிட்டி டேட். அடுத்தது ஐ-140 மனு. கடைசியாக கிரீன் கார்டு விண்ணப்பம். முதல் இரண்டு படிகளும் முடிந்த பிறகுதான் பெரிய காத்திருப்பு வருகிறது.

நெரிசல் எங்கிருந்து வந்தது?

டெக்னோபார்க் தொடங்கிய அதே 1990-ல்தான் அமெரிக்கா இன்றைய குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை அடிப்படையில் வருடத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டு. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 7 சதவீதம். 35 வருடங்களில் டெக்னோபார்க் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அந்த எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இபி-2 பிரிவுக்கு மொத்த ஒதுக்கீட்டில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000. அதில் 7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 2,800. இதில் மனைவி அல்லது கணவர், குழந்தைகள் எல்லோரும் அடக்கம். மூன்று பேர் கொண்ட குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தியா முழுவதற்கும் வருடத்துக்கு ஆயிரம் குடும்பங்கள்கூட இல்லை. மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் மிஞ்சும் இடங்கள் வந்தால்தான் இது கூடும்.

அப்படி ஒரு வாய்ப்பு கொரோனா காலத்தில் வந்தது. தூதரகங்கள் மூடியதால் குடும்பப் பிரிவில் மிஞ்சிய இடங்கள் வேலைப் பிரிவுக்கு வந்து, 2021 நிதியாண்டில் ஒதுக்கீடு சுமார் 2.6 லட்சமானது. ஆனால் பரிசீலனைத் தாமதத்தால் அதில் 66,000-க்கும் மேற்பட்ட இடங்கள் வீணாயின.

பிறந்த இடம்தான் எல்லாம்

இந்த 7 சதவீதக் கணக்கில் பாஸ்போர்ட்டுக்கு வேலை இல்லை. எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதுதான் கேள்வி. நாகர்கோவிலில் பிறந்த ஒருவருக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வேலை, இபி-2 பிரிவில் 2023 ஜனவரியில் ஒரே நாளில் பெர்ம் போட்டது என்று வைத்துக்கொள்வோம். இலங்கை ‘பிற நாடுகள்’ வரிசையில் இருப்பதால் அதன் தேதி 2025 அக்டோபரில் 2023 டிசம்பர் 1. யாழ்ப்பாணத்துக்காரரின் முறை வந்துவிட்டது. நாகர்கோவில்காரர் 2013-க்குப் பின்னால் இன்னும் பத்து வருட விண்ணப்பங்களுக்குப் பின்னால் நிற்கிறார்.

இன்னொன்று, இங்கே பலருக்குப் பொருந்தும். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தபோது நீங்கள் துபாயிலோ மஸ்கட்டிலோ பிறந்திருந்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் உங்கள் இடம் இந்திய வரிசையில் கிடையாது. உங்கள் கணவரோ மனைவியோ அப்படிப் பிறந்திருந்தாலும் அவர்களுடைய நாட்டின் வரிசையை நீங்கள் பயன்படுத்தலாம். பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் அப்படிப் பயன்படுத்த முடியாது.

அப்போ உண்மையான காத்திருப்பு எவ்வளவு?

கேட்டோ இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த டேவிட் பியர் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, வேலைப் பிரிவில் தேங்கியவர்கள் 18 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சம் பேர் இந்தியர்கள். புதிதாகச் சேரும் இந்தியருக்கான காத்திருப்பு 134 வருடம்.

134 வருடம் யாரும் காத்திருக்கப் போவதில்லை. சிலர் இபி-1-க்கு மாறுவார்கள், சிலர் கனடா போவார்கள், சிலர் ஊர் திரும்புவார்கள், சிலர் இறந்துவிடுவார்கள். ஆட்கள் விலகுவதால்தான் வரிசை கொஞ்சமாவது நகரும். ஆகவே இதைக் காலண்டர் கணக்காக எடுக்க வேண்டாம். இன்று இபி-2 அல்லது இபி-3-ல் சேரும் ஓர் இந்தியர், தன் வேலைக்காலம் முடிவதற்குள் முறை வரும் என்று நம்பித் திட்டம் போட முடியாது என்பதே இதன் பொருள்.

நிற்கும்போது வாழ்க்கை எப்படி?

ஹெச்-1பி விசா ஆறு வருடம்தான். ஐ-140 ஒப்புதலாகி, ஒதுக்கீடு இல்லாததால் காத்திருப்பவர்கள் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். கம்பெனி மாறினால் பெர்ம், ஐ-140 இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். பழைய பிரயாரிட்டி டேட் பொதுவாகக் கைவிட்டுப் போகாது. வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்.

பெரிய அடி குழந்தைகளுக்குத்தான். இந்தியாவில் பிறந்து பெற்றோருடன் போன பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து வெளியே. சிறு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்திருந்தாலும் சொந்தமாக விசா தேட வேண்டும்.

நர்ஸ்களின் நிலைமை இன்னும் வேறு. அவர்களுக்கு பெர்ம் தேவையில்லை என்றாலும் பெரும்பாலும் இபி-3 வரிசைதான், அதில் 2025 அக்டோபரில் இந்தியாவின் தேதி 2013 ஆகஸ்ட் 22-ஆக இருந்தது. ஹெச்-1பி எளிதில் கிடைக்காததால் அவர்களில் பலர் ஊரிலிருந்தே காத்திருக்க வேண்டும். தைக்காட்டிலுள்ள நோர்கா ரூட்ஸ் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்புவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சட்டம் மாறுமா?

நெருங்கி வந்து நழுவியிருக்கிறது. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை. ஈகிள் மசோதா 2022-ல் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. வரம்பை நீக்கினாலும் மொத்த இடங்கள் கூடாது. காத்திருப்பு மற்ற நாட்டவருக்கும் பங்கிடப்படும். எதிர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

2025-ல் வாசலே குறுகியது. 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக ஹெச்-1பி மனு போட நிறுவனம் 1 லட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது.

ஆஃபர் வந்தால் என்ன கேட்கலாம்?

எந்தப் பிரிவில், எத்தனை மாதத்துக்குள் பெர்ம் தொடங்குவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கேயே மேலாளர் பொறுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு, அதே குழுமத்தின் அமெரிக்க அலுவலகத்துக்கு மேலாளராகப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது இபி-1-க்கான பாதை. அங்கே 2025 அக்டோபரில் இந்தியாவின் தேதி 2022 பிப்ரவரி 15-ஆக இருந்தது. பிள்ளை இருந்தால் 21 வயது எந்த வருடம் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

அமெரிக்கா போவது தப்பு என்று இந்த எண்கள் சொல்லவில்லை. ஆறேழு வருடச் சம்பளம், அனுபவம் என்று கணக்குப் போட்டுப் போனால் அது நியாயமான முடிவாக இருக்கலாம். ‘பன்னிரண்டு வருஷத்துல கிரீன் கார்டு’ என்று நம்பி வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு, அப்பா அம்மாவின் முதுமை எல்லாவற்றையும் அந்தத் தேதியில் கட்டி வைக்காதீர்கள்.