பரங்கிமலை டிரெய்னிங்ல முதுகு உடைஞ்சா யார் பொறுப்பு?

கூடுவாஞ்சேரியில லோக்கல் டிரெயின் ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள பரங்கிமலை வந்துடும். அங்க இருக்கற ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்குப் புதுசு இல்ல. எஸ்எஸ்சி டெக் என்ட்ரிக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. டிகிரி மார்க், எஸ்எஸ்பி இன்டர்வியூ, மெடிக்கல். தேறினா 49 வாரப் பயிற்சி. பிளேஸ்மென்ட் மந்தமான வருஷத்துல ஹாஸ்டல்ல இந்தப் பேச்சு கொஞ்சம் கூடவே கேக்கும். போங்க, நல்லதுதான். ஆனா அந்த 49 வாரத்துக்குள்ள கயிறு ஏறும்போது விழுந்து தண்டுவடம் அடிபட்டா என்ன கிடைக்கும்னு யாராவது கேட்டிருக்கீங்களா?

முதல்ல ஒரு சிப்பாயோட வழக்கைப் பாருங்க. தரம்வீர் சிங், 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று சொல்லி 1994-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவக் குழு எழுதியதால் ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. சேரும்போது உடம்பில் குறை இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, சிப்பாயின் வேலை அல்ல என்பது தீர்ப்பு. இதுக்கு 19 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ பேரோட வழக்குக்கு இந்தத் தீர்ப்புதான் கைத்தடி.

நம்ம கேடட் கதை இதைவிட மோசம். அவருக்கு இந்த வரிசையிலேயே இடம் இல்லை. கமிஷன் ஆகும்வரை அவர் அதிகாரி கிடையாது. பாதியில் மருத்துவக் காரணத்தால் வெளியேறினால் முன்னாள் படைவீரரும் கிடையாது. கிடைப்பது பென்ஷன் அல்ல, கருணைத் தொகை. அந்தப் பேரைக் கவனிங்க. பென்ஷன் அரசு போடும் பிச்சை இல்லை, உரிமை என்று 1982-லேயே நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. பயிற்சியில அடிபட்டவருக்கு மட்டும் இன்னும் கருணைதான்.

2025 ஆகஸ்டில் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து சுப்ரீம் கோர்ட் தானாகவே இதை வழக்காக எடுத்தது. நீதிபதிகள் நாகரத்னா, மகாதேவன் (இவர் நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து போனவர்). 1985 முதல் சுமார் 500 கேடட்கள் இப்படி வெளியே அனுப்பப்பட்டார்கள், மாதம் அதிகபட்சம் 40,000 ரூபாய் வரைதான் உதவி என்றது அந்தச் செய்தி. படுக்கையில கிடக்கற பையனுக்கு ஆள் வெச்சுப் பார்த்துக்கணும், மருந்து வாங்கணும், பிசியோ கொடுக்கணும். கணக்கு நீங்களே போடுங்க. அதே மாசக் கடைசியில முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துல இவங்களையும் சேர்க்க அரசு ஒத்துக்கிச்சு. கோர்ட் கேட்டதும் பத்து இருபது நாள்ல முடியற வேலை, நாற்பது வருஷம் ஏன் முடியலை?

"உள்ள நோயை மறைச்சுட்டு வந்து பென்ஷன் கேப்பாங்க"ன்னு ஒரு பதில் வரும். சிப்பாய்கள் விஷயத்துலயும் இதேதான் சொன்னாங்க. ஆனா கேடட்டை ராணுவ டாக்டர்களே தலை முதல் கால் வரை சோதிச்சு, தகுதின்னு கையெழுத்துப் போட்ட கொஞ்ச நாள்லதான் அவர் அகாடமிக்குள்ள போறார். தரம்வீர் சிங் தீர்ப்போட தர்க்கம் யாருக்காவது கச்சிதமா பொருந்தும்னா அது இவருக்குத்தான். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஊன பென்ஷன், முன்னாள் படைவீரர் தகுதி ரெண்டும் விதியிலேயே எழுதப்படணும். சிப்பாயா சேர்றவருக்குப் பயிற்சிக் காலமும் பணியாத்தான் கணக்கு. (அக்னிவீர் கணக்கு தனி, அதுக்கு இன்னொரு கட்டுரை வேணும்.) ஒரே மைதானம், ஒரே கயிறு, விழுந்தவர் சிப்பாயா கேடட்டான்னு பார்த்து எலும்பு உடையறதில்லை.

இந்த வருஷம் எஸ்எஸ்பி போறவங்களுக்கு ஒண்ணு. நுழைவு மெடிக்கல்ல தர்ற ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. உள்ள அடிபட்டா, "சின்னதுதான் சார்"னு சமாளிக்காம அன்னிக்கே மருத்துவப் பதிவுல ஏத்தச் சொல்லுங்க. எந்த நாள், எந்தப் பயிற்சி, எப்படி விழுந்தது எல்லாம் அதுல இருக்கணும். வழக்குன்னு வந்தா முதல்ல கேக்கறது அந்தத் தாளைத்தான்.